பழைய நாடகம், கூத்து, ஆவணப்படம்: இணையத்தில் தேடும் வழி

பழைய டிவி நாடகம் ஒன்று வேண்டுமென்றால் எல்லாரும் முதலில் செய்வது, நினைவில் இருக்கும் பெயரை யூடியூபில் அடித்துப் பார்ப்பதுதான். கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால், "அதெல்லாம் இப்ப எங்கீங்க இருக்கப்போவுது" என்று போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள். பல நேரம் அது இருக்கத்தான் செய்கிறது. வேறு பெயரில், வேறு எழுத்துக்கூட்டலில், நாம் எதிர்பார்க்காத ஒருவருடைய சேனலில் இருக்கிறது. அதனால் பெயரை அடிப்பதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள்: இதைக் காசு போட்டு எடுத்தவர் யார்? எடுத்த டேப் யாருடைய பீரோவில் இருந்திருக்கும்? அது தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடமும் தெரிந்துவிடும்.

பவானியில் 90களில் வீடியோ கேசட் கடை வைத்திருந்தேன். பிறகு கேபிள் இணைப்பு கொடுத்தேன். இப்போது அதே கடையில் கம்ப்யூட்டர் சென்டர். சிட்டா எடுக்கவும் ஆதார் அட்டை பிரிண்ட் போடவும் வருகிற பெரியவர்கள், வேலை முடிந்ததும் மெதுவாகக் கேட்பார்கள்: "ஏனுங்க தம்பி, கருப்பராயன் குதிரைமேல வருமே ஒரு நாடகம், அது போன்ல வருமுங்களா?" எனக்கு இந்த மாதிரிக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். கேட்பவருக்கு அந்த நாடகத்தோடு ஒரு வீடும், அங்கே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மனிதர்களும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறார்கள். தேடிக் கொடுக்காமல் அனுப்ப மனசு வராது.

டிவி நாடகங்கள்

குதிரைமேல் வரும் கருப்பையே எடுத்துக்கொள்வோம். கேட்ட அம்மாவுக்குத் தலைப்பு நினைவில்லை, காட்சிதான் நினைவிருக்கிறது. அது போதும். காட்சியைத் தமிழிலேயே நாலு வார்த்தையில் கூகுளில் போட்டால் 'விடாது கருப்பு' என்ற பெயர் வந்துவிடும். 'மர்மதேசம்' வரிசையில் 'ரகசியம்' கதைக்குப் பின் வந்தது அது. எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கியவர் நாகா, தயாரித்தது கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள். இந்தக் கடைசித் தகவல்தான் நமக்கு முக்கியம். நாம் சன் டிவியில் பார்த்தோம் என்பதற்காகச் சன் டிவியின் ஆப்பிலேயே முட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பாலசந்தரின் இன்னொரு நிறுவனமான கவிதாலயாவின் யூடியூப் சேனலுக்குப் போங்கள்.

ஏன் இப்படி என்றால், அந்தக் காலத்துத் தனியார் டிவி நாடகங்களில் பல, தயாரிப்பு நிறுவனங்களே எடுத்து, சேனலிடம் ஒளிபரப்பு நேரத்தை விலைக்கு வாங்கி, விளம்பரமும் தாங்களே பிடித்து ஓட்டியவை. சேனல் நேரத்தைத்தான் விற்றது. நாடகம் எடுத்தவரிடமே தங்கிவிட்டது. பிற்காலத்தில் யூடியூப் வந்தபோது டேப் வைத்திருந்தவர்கள் அவரவர் சேனலில் ஏற்றினார்கள். 1999இல் தொடங்கிய 'சித்தி' ராதிகாவின் ராடான் எடுத்தது. 'கோலங்கள்' விகடன் டெலிவிஸ்டாஸ் எடுத்தது. 'மெட்டி ஒலி' சினி டைம்ஸ் தயாரிப்பு. நாடகத்தின் பெயரோடு இந்த நிறுவனத்தின் பெயரையும் சேர்த்து அடித்துப் பாருங்கள், வரும் முடிவுகளே வேறாக இருக்கும்.

தயாரிப்பாளர் பெயர் தெரியாதே என்றால் இரண்டு வழி. தமிழ் விக்கிப்பீடியாவில் அந்த நாடகத்துக்குப் பக்கம் இருந்தால் வலது ஓரப் பெட்டியில் தயாரிப்பு நிறுவனம் இருக்கும். பக்கம் இல்லாவிட்டால், யாராவது ஏற்றிய ஒரு துண்டுக் காட்சியைப் பிடித்து, பெயர் ஓடும் இடத்தில் நிறுத்திப் படியுங்கள். டைட்டில் பாட்டை மட்டும் தனியாக ஏற்றி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். நாடகம் கிடைக்காவிட்டாலும் பாட்டு கிடைக்கும், அதில் எல்லாப் பெயரும் ஓடும்.

கட்டணம் கட்டிப் பார்க்கும் ஆப்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சன் குழுமத்தினுடையது சன் நெக்ஸ்ட். விஜய் டிவி நாடகங்களுக்கு ஜியோஹாட்ஸ்டார். பழைய ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் 2025 பிப்ரவரியில் ஒன்றானது இது. ஜீ தமிழுக்கு ஜீ5. பணம் கட்டுவதற்கு முன் ஆப்பை இறக்கி, உள்ளே தேடி, நாடகம் முதல் பகுதியிலிருந்தே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். பாதியிலிருந்து தொடங்கும் நாடகங்களும் உண்டு. எந்தப் படம் எந்த ஆப்பில் இருக்கிறது என்று காட்டும் ஜஸ்ட்வாட்ச் என்ற தளம் சினிமாவுக்கு நன்றாக உதவும், நாடு இந்தியா என்று வைத்துக்கொண்டால் போதும். பழைய தமிழ் டிவி நாடகத்துக்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

தூர்தர்ஷன் கதை தனி. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய நிலையம் அது. நம் பக்கத்தில் கொடைக்கானல் கோபுரத்திலிருந்து வரும் படத்துக்காக மொட்டை மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை நாடகமும் வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும்தான் வாரத்தின் அடையாளமே. அந்தச் சேனல் பிறகு பொதிகை ஆனது, 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது. அதனால் மூன்று பெயரிலும் தேட வேண்டும். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் 'பிரசார் பாரதி ஆர்கைவ்ஸ்' என்ற யூடியூப் சேனலில் பழைய இசைக் கச்சேரிகள், நேர்காணல்கள், கலைஞர்களைப் பற்றிய நிகழ்ச்சிகள் இருக்கின்றன. 2024 நவம்பரில் பிரசார் பாரதியே வேவ்ஸ் என்ற ஆப்பையும் தொடங்கியது. இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குப் போக வேண்டும்.

ஆனால் தூர்தர்ஷனிலும் அதே கேள்வி உண்டு. அவர்களே எடுத்ததா, வெளியார் எடுத்துக் கொடுத்ததா? ராமாயணம் 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை தூர்தர்ஷனில் ஓடியது, ஆனால் எடுத்தது ராமானந்த் சாகரின் நிறுவனம். 2020 ஊரடங்கில் அதை மறுபடி ஒளிபரப்ப வேண்டியிருந்தபோது தூர்தர்ஷனே சாகர் குடும்பத்திடம் கேட்டு வாங்கித்தான் போட்டது. அவ்வளவு பெரிய தொடருக்கே இப்படியென்றால் தமிழில் ஸ்பான்சர் பிடித்து எடுத்த பதிமூன்று வார நாடகங்களை நினைத்துப் பாருங்கள். அவை எடுத்தவர் வாரிசுகளிடம் இருக்கலாம். நிலையத்திலேயே எடுத்தவற்றில் எல்லாம் தப்பியிருக்கும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. டேப் விலை அதிகம் என்பதால் பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிவது உலகம் முழுக்கத் தொலைக்காட்சி நிலையங்களில் வழக்கமாக இருந்தது.

மேடை நாடகம்

இதில் முதலில் ஆண்டைப் பாருங்கள். சிங்காநல்லூரில் பிறந்த எஸ்.வி.சகஸ்ரநாமம் சேவா ஸ்டேஜ் நாடகக் குழுவை நடத்திய காலத்தில் நாடகத்தைப் படம்பிடித்து வைக்கும் பழக்கமே இல்லை. வீட்டு வீடியோ நம் ஊருக்கு வந்தது 80களில். அதற்கு முந்தைய மேடை நாடகத்துக்கு வீடியோ தேடினால் ஏமாற்றம்தான். அதற்குப் பதில் மூன்று பொருளைத் தேடுங்கள்: அதே நாடகம் சினிமாவானதா, வானொலியில் வந்ததா, புத்தகமாக அச்சானதா. சோவின் 'முகமது பின் துக்ளக்' 1968இல் மேடை ஏறியது, 1971இல் படமானது. மேடையில் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அந்தப் படம் ஓரளவு கைகொடுக்கும்.

80களுக்குப் பிந்தைய நகைச்சுவை நாடகங்கள் நல்ல நிலையில் கிடைக்கின்றன. எஸ்.வி.சேகர் நாடகங்கள் முதலில் ஒலிநாடாவாகத்தான் வீடு வீடாகப் போயின. கல்யாண வீட்டு மைக் செட்டில்கூடப் போடுவார்கள். அதனால் அவற்றை 'ஆடியோ' என்ற சொல்லைச் சேர்த்துத் தேட வேண்டும். கிரேஸி மோகன் குழுவின் நாடகங்களுக்குக் குழுவின் பெயரால் தேடுங்கள். மேடை நாடகத்துக்கு உரிமைக்காரர் பெரும்பாலும் குழுதான், குழு கலைந்திருந்தால் குடும்பம்.

வானொலி நாடகத்தை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். கோவை வானொலி 1966 முதல் நம் காதோடு இருக்கிறது. அந்தக் காலத்து நாடகங்களை வீட்டில் டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்திருந்த நேயர்கள் இப்போது அவற்றை ஆர்கைவ் டாட் ஆர்க் தளத்திலும் யூடியூபிலும் ஏற்றுகிறார்கள். ஈழத்து நாடகமும் கூத்தும் வேண்டுமென்றால் நூலக நிறுவனத்தின் ஆவணகம் என்ற பல்லூடகத் தளம் இருக்கிறது. ஒலி, ஒளி, படம் எல்லாம் வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்துக் கலைகளுக்கு அப்படி ஒரு தளம் இல்லையே என்று ஒவ்வொரு முறை அதைத் திறக்கும்போதும் நினைத்துக்கொள்வேன்.

சரியான பெயர் கிடைக்காமல் தவிக்கிறவர்களுக்கு ஒரு இடம் சொல்கிறேன். சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நாடக நோட்டீசுகள் சேகரிப்பில் உள்ளன. எந்தக் கம்பெனி, எந்த ஊர், யார் நடித்தது என்பது நோட்டீசில் இருக்கும். அதிலிருந்து தேடலைத் தொடங்கலாம்.

ஆவணப்படங்கள்

டூரிங் டாக்கீசில் படம் போடுவதற்கு முன் கறுப்பு வெள்ளையில் அரசாங்கப் படம் ஒன்று ஓடும். அணை கட்டுவார்கள், தறி நெய்வார்கள், யாராவது வீணை வாசிப்பார்கள். எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். அவற்றை எடுத்தது 1948இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன். இன்று அந்தப் படங்களைப் பார்க்கும்போது அந்தக் காலத்துத் தெரு, உடை, கை வேலை எல்லாம் அப்படியே இருப்பது தெரிகிறது. ஃபிலிம்ஸ் டிவிஷன் இப்போது என்.எஃப்.டி.சி. என்ற தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்ந்துவிட்டது. பழைய பெயரிலும் புதிய பெயரிலும் யூடியூபில் தேடுங்கள். முக்கியமாக, இவற்றின் தலைப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழில் அடித்தால் வராது. கலைஞரின் பெயரை ஆங்கில எழுத்தில் போட்டு, கூடவே எடுத்த நிறுவனத்தின் பெயரைச் சேர்க்க வேண்டும்.

கலைஞரின் பெயர் தெரியும், படத்தின் பெயர் தெரியாது என்றால் இயக்குநரைப் பிடியுங்கள். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி 1976இல் சத்யஜித் ராய் எடுத்த ஆவணப்படத்தின் பெயர் 'பாலா'. அந்தப் பெயரை மட்டும் போட்டால் சினிமா இயக்குநர் பாலாவின் பேட்டிகள் வரிசையாக வந்து நிற்கும். ராய் பெயரையும் ஆண்டையும் சேர்த்தால் நேராக வந்துவிடும். அதற்குப் பணம் கொடுத்தவை தமிழ்நாடு அரசும் மும்பையின் தேசிய நிகழ்த்துகலை மையமும்.

இதே வழியில் போய்ப் பார்க்க வேண்டிய சேனல்கள் இன்னும் சில உண்டு. சங்கீத நாடக அகாதெமி, இந்திரா காந்தி தேசியக் கலை மையம், பொதுச் சேவை ஒளிபரப்பு அறக்கட்டளை எனப்படும் பி.எஸ்.பி.டி. மூன்றும் டெல்லியில் இருப்பவை, மூன்றுக்கும் யூடியூப் சேனல் உண்டு. அகாதெமியின் பதிவுகளில் அலங்காரம் எதுவும் இருக்காது. மேடைக்கு முன்னால் கேமராவை நிறுத்தி முழுக் கூத்தையும் பதிவு செய்திருப்பார்கள். எனக்கு அதுதான் உசத்தி. நடுவில் வர்ணனைக் குரல் வந்து பாட்டை மூடாது. சேனலுக்குள் போய், அங்கேயே இருக்கும் பூதக்கண்ணாடிப் படத்தை அழுத்தித் தேடுங்கள். பொதுத் தேடலில் மேலே வராதவை உள்ளே கிடைக்கும். யூடியூபின் ஃபில்டரில் 20 நிமிடத்துக்கு மேல் என்று வைத்தால் ஷார்ட்ஸும் ட்ரெய்லரும் ஒதுங்கிவிடும். இது ஒன்றைச் செய்தாலே பாதிக் குப்பை போய்விடும்.

நம் ஊர்க் கலைகள்

அண்ணன்மார் கதையைத் தேடுகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களைப் பற்றி உடுக்கையடித்துப் பல இரவு பாடிய கதை. பொன்னர் சங்கர் என்று அடித்தால் என்ன வருகிறது? 2011இல் பிரசாந்த் நடித்து வெளியான சினிமா வருகிறது, அதன் பாட்டு வருகிறது, அதன் ட்ரெய்லர் வருகிறது. கூகுளில் தேடும்போது பிரசாந்த் என்ற சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போடுங்கள். அந்தப் பெயர் வரும் பக்கங்கள் விலகும். பிறகு உடுக்கைப் பாட்டு, படுகளம், வீரப்பூர், மாசித் திருவிழா என்ற சொற்களில் ஒன்றைச் சேருங்கள். 'அண்ணமார்', 'அண்ணன்மார்', 'குன்றுடையான்' எல்லாவற்றையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஏற்றியவர் எந்தச் சொல்லை வைத்தாரோ அது அவருக்குத்தான் தெரியும்.

இந்தக் கதைக்கு இன்னொரு பெரிய சுரங்கம் கடல் தாண்டி இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1964 முதல் 1966 வரை காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ச்சி செய்தார். அப்போது ஊர்ப் பாடகர்கள் பாடிய அண்ணன்மார் கதையை டேப்பில் பதிவு செய்தார். கொங்குச் சமூகத்தைப் பற்றிய அவருடைய புத்தகம் 1972இல் வந்தது, கதைப் பாடம் 1992இல் வந்தது. பிறகு அதே கதையை 26 பகுதி கொண்ட அனிமேஷன் தொடராகவும் எடுத்தார், 'தி லெஜண்ட் ஆஃப் பொன்னிவளா' என்ற பெயரை ஆங்கில எழுத்தில் போட்டுத் தேடினால் கிடைக்கும். அவருடைய சேகரிப்பு டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகத்துக்குப் போயிருக்கிறது. நூலகத்தின் டிஜிட்டல் சேகரிப்புப் பக்கத்தில் அவர் பெயரால் தேடுங்கள். நம் அப்பாரு காலத்துக் குரல் நம் தாலுகாவில் கிடைக்காமல் டொரண்டோவில் கிடைக்கிறது. காரணம் எளிது, பதிவு செய்தவர் பத்திரமாக வைத்திருந்தார், பிறகு வைத்துக் காக்கத் தெரிந்த இடத்தில் கொடுத்தார். காங்கயத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் ஹெட்போனில் உடுக்கைச் சத்தம் கேட்டதும், "இது எங்க பக்கத்து இழுப்புங்க" என்றார். அதற்குமேல் பேசவில்லை, முழுதும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

எழுத்துக்கூட்டல் இங்கே ரொம்ப முக்கியம். கூத்து என்பதை ஆங்கில எழுத்தில் நம் ஆட்கள் ஓ இரண்டு போட்டு, டிக்குப் பின் ஹெச் சேர்த்து எழுதுவார்கள். ஆராய்ச்சியாளர்கள் யூ போட்டு, டி இரண்டு போட்டு, ஹெச் இல்லாமல் எழுதுவார்கள். கொங்குக்கு நாம் ஜி போடுவோம், அவர்கள் கே போடுவார்கள். பல்கலைக்கழகப் பதிவுகள் வேண்டுமென்றால் அவர்களுடைய எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். ஊர் ஸ்டுடியோ ஏற்றியது வேண்டுமென்றால் நம்முடையதில் தேட வேண்டும்.

ஊர் ஸ்டுடியோக்களைக் குறைத்து எண்ணாதீர்கள். சேலம், நாமக்கல், ஈரோடு, தருமபுரி வட்டாரத்துத் தெருக்கூத்தை விடிய விடியப் படம்பிடித்து முழுதாக ஏற்றுகிறவர்கள் கல்யாண வீடியோ எடுக்கும் இந்தச் சின்ன ஸ்டுடியோக்காரர்கள்தான். வள்ளி கும்மி, ஒயிலாட்டம், பெருஞ்சலங்கையாட்டம் எல்லாம் அவர்களால்தான் இணையத்தில் இருக்கிறது. தேடும்போது கலையின் பெயரோடு ஊர்ப் பெயரையும் கோயில் பெயரையும் சேருங்கள். கும்பாபிஷேகம் என்ற தலைப்பில் ஏற்றிய நீண்ட வீடியோவின் நடுவில் அரை மணி நேரம் ஒயில் கும்மி இருக்கும். வள்ளி ஒயில் கும்மியைச் சொல்லிக்கொடுத்துவந்த கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்த பிறகு அந்தப் பெயரில் பேட்டிகளும் ஆட்டப் பதிவுகளும் நிறைய வந்தன. விருது பெற்ற கலைஞரின் பெயரிலிருந்து தொடங்கி, அவர் பேட்டியில் சொல்லும் குருமார் பெயர்களையும் ஊர்களையும் குறித்துக்கொண்டு அடுத்தடுத்துத் தேடிப் போவது நல்ல வழி.

பிடித்த வீடியோ கிடைத்தால் அதை ஏற்றியவருக்குக் கமென்டில் எழுதுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, மீதிப் பகுதி இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். பலர் பதில் சொல்வார்கள். ஒரு ஸ்டுடியோக்காரர், கேட்டதற்காகவே ஹார்ட் டிஸ்கில் கிடந்த மீதி இரவையும் ஏற்றினார்.

கவனிக்க வேண்டியவை

நாடகம் காட்டுகிறோம் என்று சொல்லி ஏபிகே கோப்பை (ப்ளே ஸ்டோர் வழியாக இல்லாமல் நேரடியாக ஆப்பை நிறுவும் கோப்பு) இறக்கச் சொல்லும் தளங்களையும், இலவசம் என்று சொல்லிவிட்டு கார்டு எண் கேட்கும் தளங்களையும் உடனே மூடுங்கள். வயதானவர்கள் போனில் இது நடந்தால் வங்கிக் கணக்கு வரை போகும். உரிமை இல்லாமல் ஏற்றியதை அடையாளம் காண்பதும் சுலபம். படம் இடவலமாகத் திரும்பியிருக்கும், குரல் கீச்சென்று வேகமாக இருக்கும், ஓரத்தில் பெரிய பார்டர் இருக்கும். அது நாளைக்கே நீக்கப்படலாம். உரிமைக்காரர் சேனலில் பகுதி எண் வரிசையாக, பிளேலிஸ்டாக இருக்கும். சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்காக ஒரு வரி: இந்தியாவில் திரைப்படத்துக்கான பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அந்தக் காலம் தாண்டிய பழைய ஆவணப்படங்களை ஆர்கைவ் டாட் ஆர்க் போன்ற இடத்தில் தயங்காமல் பார்க்கலாம்.

முன்பு பார்த்த இணைப்பு செத்துப்போயிருந்தால், யூடியூப் முகவரியின் கடைசியில் இருக்கும் 11 எழுத்துக் குறியீட்டை மட்டும் வெட்டி கூகுளில் போடுங்கள். யாராவது எங்காவது அதைத் தலைப்போடு பகிர்ந்திருந்தால் தலைப்பு தெரிந்துவிடும். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் ஆர்கைவ் டாட் ஆர்க்கின் வேபேக் மெஷினில் முழு முகவரியையும் போட்டுப் பார்க்கலாம். தலைப்பு கிடைத்தால் வேறு இடத்தில் இருக்கிறதா என்று தேடலாம்.

பெரியவர்களுக்குப் போட்டுக் கொடுக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். பழைய கேசட்டிலிருந்து மாற்றியவற்றில் சத்தம் ஒரு பக்கம் மட்டும் வரும். ஹெட்போனில் ஒரு காது ஊமையாகிவிடும், காது கேட்கவில்லை என்று அவர்கள் பயந்துவிடுவார்கள். போனின் செட்டிங்ஸில் அணுகல்தன்மை பகுதிக்குள் மோனோ ஆடியோ என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்தால் இரண்டு காதிலும் வரும். அடுத்தது, அகலமான டிவியில் பழைய படம் இழுபட்டு எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள். ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என்று மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், முகம் சரியாக இருக்கும்.

உங்கள் வீட்டிலேயே கேசட் இருந்தால்

ஊர்த் திருவிழாவில் எடுத்த கூத்து, பள்ளி ஆண்டு விழா நாடகம், தாத்தா பாடிய உடுக்கைப் பாட்டு: இவை எந்த ஆப்பிலும் வராது, பரணில்தான் இருக்கும். வி.எச்.எஸ். கேசட் கிடைத்தால் எடுத்த வேகத்தில் பிளேயரில் போடாதீர்கள். மேலே இருக்கும் கண்ணாடி ஜன்னல் வழியாகச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. பிளேயரில் போட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். பூஞ்சை இல்லாவிட்டால், கடைசி வரை ஓட்டி, மறுபடி முதலுக்குச் சுற்றி, அப்புறம் ஓட விடுங்கள். பல ஆண்டு ஒரே நிலையில் இருந்த டேப் அப்போதுதான் ஒட்டாமல் ஓடும். பிளேயரின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களைக் கம்ப்யூட்டரில் செருகும் யுஎஸ்பி கேப்சர் கருவி இணையத்தில் விற்கிறது. மூன்று மணி நேரக் கேசட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. மாற்றிய மூலக் கோப்பைச் சுருக்காமல் இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, அதன் பிறகு ஏற்றுங்கள்.

ஏற்றுவதற்கு முன் ஆடியவர்களிடமோ அவர்கள் வீட்டாரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தலைப்பில் கலையின் பெயர், கதையின் பெயர், ஊர், ஆண்டு நான்கும் இருக்க வேண்டும். விவரப் பகுதியில் வாத்தியார் பெயர், ஜமா (கூத்துக் குழு) எந்த ஊரைச் சேர்ந்தது, எந்தக் கோயில் திருவிழா, படம்பிடித்தவர் யார் என்று எழுதுங்கள். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் கேசட் உறையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே போடுங்கள். கூத்து என்ற சொல்லை மேலே சொன்ன இரண்டு ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் கடைசி வரியில் சேர்த்துவிட்டால், உள்ளூர்க்காரரும் கண்டுபிடிப்பார், டொரண்டோவில் உட்கார்ந்து தேடுகிறவரும் கண்டுபிடிப்பார்.